ரோடு உயர்கிறது, வீடு தாழ்கிறது!

அந்த வீட்டைக் கட்டியபோது வாசலில் இரண்டு படிகள் இருந்தன. தெருவில் இருந்து இரண்டு படி ஏறித்தான் வீட்டுக்குள் போகவேண்டும். மாலை நேரத்தில் அந்தப் படியில் உட்கார்ந்துதான் பாட்டி பேரனுக்குச் சோறு ஊட்டுவாள். தெருவில் எவ்வளவு மழைத்தண்ணீர் ஓடினாலும் வீட்டுக்குள் ஒரு சொட்டு வராது.

இன்று அந்தப் படிகளைக் காணோம்.

யாரும் அவற்றை இடிக்கவில்லை. யாரும் திருடிக்கொண்டு போகவும் இல்லை. அவை ரோட்டுக்குள் புதைந்துவிட்டன! தெருவும் வாசலும் இப்போது ஒரே மட்டம். ஐப்பசி மாதம் வானம் இருண்டால், அந்த வீட்டில் கட்டிலுக்குக் கீழே இருக்கும் பெட்டிகளை எடுத்துப் பரண்மேல் வைக்கிறார்கள். அரிசி மூட்டையை மேஜைமேல் ஏற்றுகிறார்கள். வாசலில் மணல் மூட்டை அடுக்குகிறார்கள்.

சென்னையில் இப்படிப்பட்ட வீடுகள் ஒன்றல்ல, இரண்டல்ல. பழைய தெருக்களில் நடந்து பாருங்கள். ஜன்னல் தரையோடு தரையாக இருக்கும். வாசல் கதவு பள்ளத்தில் இருக்கும். "வீடு மண்ணுக்குள் இறங்கிவிட்டதோ?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள்.

வீடு இறங்கவில்லை. ரோடுதான் ஏறியது.

கணக்குப் பாருங்கள்

ரோடு எப்படி ஏறும்? ஒரு சின்னக் கணக்குப் போட்டால் புரியும்.

தெருவில் தார் ரோடு கெட்டுப்போகிறது. பழைய ரோட்டை அப்படியே விட்டுவிட்டு, அதன்மேல் புதிய தார் போடுகிறார்கள். கனம் 2 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 5 ஆண்டு கழித்து அதுவும் கெட்டுப்போகிறது. அதன்மேல் இன்னொரு 2 அங்குலம். இப்படியே 30 ஆண்டில் 6 தடவை போட்டால், ரோடு 12 அங்குலம் உயர்ந்துவிடும்.

12 அங்குலம் என்றால் ஓர் அடி. ஓர் அடி என்றால் இரண்டு படி. பாட்டி உட்கார்ந்த படிகள் போன வழி இதுதான்!

புதிய ரோடு போட்ட அன்று எல்லோருக்கும் சந்தோஷம். கறுப்பாக, வழவழப்பாக, கண்ணாடிபோல் இருக்கிறது. பிள்ளைகள் சைக்கிள் விடுகிறார்கள். "நம் தெருவுக்கு விடிவு வந்தது" என்று பேசிக்கொள்கிறார்கள். அந்த 2 அங்குலத்தை அன்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. மழைதான் அளந்து பார்க்கிறது.

ரோடு நல்லதா, கெட்டதா என்று போட்ட அன்று பார்த்துச் சொல்லக்கூடாது. ஐந்து மழைக்காலம் போனபிறகு பார்த்துச் சொல்லவேண்டும். ரோட்டை மட்டும் பார்த்தும் சொல்லக்கூடாது. ரோட்டின் ஓரத்தில் இருக்கும் வீட்டையும் பார்த்துச் சொல்லவேண்டும்.

தார் என்பது என்ன?

ரோடு ஏன் கெட்டுப்போகிறது என்பதைத் தெரிந்துகொள்ள, ரோடு எதனால் ஆனது என்பதைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

தார் ரோடு என்று சொல்கிறோமே தவிர, ரோட்டில் பெரும்பகுதி தார் அல்ல. ஜல்லிதான்! 100 கிலோ கலவையில் ஏறக்குறைய 95 கிலோ ஜல்லியும் கல்தூளும் இருக்கும். தார் ஏறக்குறைய 5 கிலோதான். ஜல்லிதான் பாரத்தைச் சுமக்கிறது. தார், அந்த ஜல்லியைப் பிடித்து ஒட்டவைக்கும் பசை.

இன்னொரு சங்கதி. உண்மையான தார் நிலக்கரியில் இருந்து கிடைப்பது. 1901-ம் ஆண்டில் இங்கிலாந்தில் எட்கர் ஹூலி என்பவர், தார் பீப்பாய் உடைந்து கொட்டிய இடத்தில் இரும்பாலைக் கசடைப் போட்டு மூடியிருந்ததைப் பார்த்தார். அந்த இடம் மட்டும் தூசி இல்லாமல் கெட்டியாக இருந்தது. அதில் இருந்து யோசனை பிறந்து, மறு ஆண்டே தார் ரோட்டுக்குக் காப்புரிமை வாங்கினார்.

இன்று நம் ரோட்டில் போடுவது அந்தத் தார் அல்ல. பூமியில் இருந்து எடுக்கும் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து, பெட்ரோல், மண்எண்ணெய், டீசல் எல்லாவற்றையும் பிரித்தபிறகு அடியில் மிஞ்சுகிற கறுப்புப் பொருள். பிட்டுமன் என்று பெயர். சென்னை மணலியில் உள்ள எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையிலும் அது கிடைக்கிறது. ஆனாலும் ஜனங்களுக்கு அது தார்தான். இங்கேயும் தார் என்றே சொல்வோம்.

நம் நாட்டுக்கு வேண்டிய தார் முழுவதும் இங்கேயே கிடைப்பதில்லை. ஒரு பகுதி வெளிநாட்டில் இருந்து கப்பலில் வருகிறது. காசு கொடுத்து வாங்குகிற பொருள் அது. சும்மா கிடைப்பதல்ல.

ஜல்லியையும் தாரையும் சுமார் 150 டிகிரி சூட்டில் கலக்குகிறார்கள். சூடு ஆறுவதற்குள் ரோட்டில் பரப்பி, ரோலர் விட்டு அழுத்தவேண்டும். தோசை மாவைக் கல் சூடாக இருக்கும்போதே வார்ப்பதுபோலத்தான். ஆறிப்போன கலவையை எத்தனை தடவை உருட்டினாலும் இறுகாது. லாரி தூரத்தில் இருந்து வருவதற்குள் ஆறிப்போனால், அந்த ரோடு பிறக்கும்போதே நோயோடு பிறந்த பிள்ளை!

தண்ணீர்தான் முதல் எதிரி

இறுகாத ரோட்டில் என்ன கெடுதல்? கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். நூற்றுக்கு 8 பங்குக்கு மேல் காற்று இருந்தால், துளைகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து வழி ஆகிவிடும். அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும்.

தண்ணீர் உள்ளே போனால் என்ன செய்யும்? ஜல்லிக்கும் தாருக்கும் நடுவில் புகுந்து, இரண்டையும் பிரிக்கும். மேலே லாரி ஏறும்போது, உள்ளே இருக்கும் தண்ணீர் நசுங்கிப் பீய்ச்சி அடிக்கும். ஜல்லி ஒவ்வொன்றாகக் கழன்று வெளியே வரும். இன்று ஒரு ரூபாய் நாணயம் அளவு. நாளை தட்டு அளவு. அடுத்த வாரம் அண்டா அளவு. பள்ளம் தயார்!

பள்ளத்தில் தண்ணீர் நின்றால் அதன் ஆழம் தெரியாது. இருட்டில் ஸ்கூட்டரில் வருகிறவருக்கு அது எமன். 2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ரோட்டுப் பள்ளங்களால் நடந்த விபத்துகளில் 1,856 பேர் இறந்தார்கள். இது மத்திய அரசாங்கத்தின் கணக்கு.

தண்ணீர் ரோட்டுக்கு எதிரி என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஸ்காட்லாந்தில் பிறந்த ஜான் மக்காடம் என்பவர் 1816-ல் பிரிஸ்டல் பகுதி ரோடுகளுக்கு அதிகாரி ஆனார். அப்போது தார் ரோடு கிடையாது. அவர் சொன்னதன் சாரம் இதுதான்: பாரத்தைத் தாங்குவது அடியில் உள்ள மண்தான், அந்த மண் காய்ந்து இருக்கிறவரை தாங்கும், அதை நனையவிடக்கூடாது. அதனால் ரோட்டின் நடுவைக் கொஞ்சம் உயர்த்தி, ஓரத்துக்குத் தண்ணீர் வழிந்து ஓடும்படி செய்தார்.

200 ஆண்டு ஆகிவிட்டது. இன்றும் விதி அதுதான். நடுவில் இருந்து ஓரம் வரை 10 அடி இருந்தால், ஓரம் சுமார் 3 அங்குலம் தாழ்ந்திருக்கவேண்டும். ஓரத்தில் வடிகால் இருக்கவேண்டும். வடிகால் வாய் திறந்திருக்கவேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் ரோடு நிலைக்காது.

வெயிலும் பாரமும்

இரண்டாவது எதிரி வெயில். கோடையில் தார் ரோட்டின் மேற்பரப்பு 60 டிகிரிவரை சுடும். செருப்பு இல்லாமல் கால் வைக்கமுடியாது. ஆண்டுக்கணக்காக வெயிலும் காற்றும் பட்டால் தார் இறுகி உயிர் போய்விடும். பழைய ரப்பர் வளையத்தை இழுத்தால் பட்டென்று அறுந்துபோகிறது அல்லவா? அப்படித்தான். வளைந்து கொடுக்காமல் வெடிக்கும். வெடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்கும். மறுபடியும் பள்ளம்.

மூன்றாவது எதிரி பாரம். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில் 1958 முதல் 1960 வரை ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். சோதனைக்கென்றே ரோடு போட்டு, அதில் இரவும் பகலும் லாரி விட்டார்கள். எந்தப் பாரத்துக்கு எவ்வளவு கெடுகிறது என்று அளந்தார்கள்.

கிடைத்த விடை எல்லோரையும் திடுக்கிடச் செய்தது. அச்சின் மேல் ஏறும் பாரம் இரண்டு மடங்கு ஆனால், ரோட்டுக்குக் கெடுதல் இரண்டு மடங்கு அல்ல. ஏறக்குறைய 16 மடங்கு!

தெருவில் 100 ஸ்கூட்டர் போனாலும் ரோட்டுக்குத் தெரியாது. ஒரு தண்ணீர் லாரி போனால் தெரியும். 9,000 லிட்டர் தண்ணீர் என்றால் அதன் எடை மட்டும் 9 டன். லாரியின் சொந்த எடை வேறு. சின்னத் தெருவுக்கு என்று மெல்லியதாகப் போட்ட ரோட்டில் அந்த லாரி தினமும் வந்து போனால், ரோடு என்ன செய்யும்? தண்ணீர் லாரி வரவேண்டாம் என்று சொல்லமுடியாது. குடிதண்ணீர் வேண்டுமே! லாரி வருகிற தெருவுக்கு லாரியைத் தாங்குகிற ரோடு போடவேண்டும். அதுதான் நியாயம்.

மேலே மேலே போடுவது மருந்து ஆகுமா?

இத்தனை எதிரிகள் இருந்தால் ரோடு கெடத்தான் செய்யும். அது குற்றம் அல்ல. கெட்டபிறகு என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

பழைய ரோட்டின் மேலேயே புதிய தார் போடுவது சுலபம். வேலை சீக்கிரம் முடியும். கை நிறைய வேலை வைத்திருக்கும் காண்டிராக்டருக்கு அது வசதி. ஆனால் அது புண்ணின் மேல் பவுடர் பூசுவதற்குச் சமம்.

அடியில் உள்ள வெடிப்பு அப்படியே இருக்கிறது. மேலே லாரி போகப்போக, அடியில் உள்ள வெடிப்பு மேல்நோக்கி வளரும். பழைய வெடிப்பு எங்கே இருந்ததோ, அதே இடத்தில் புதிய ரோட்டிலும் முளைக்கும். ஈரச் சுவரில் எத்தனை தடவை வெள்ளை அடித்தாலும் கறை தெரிவதைப்போல!

ரோடு உயர உயர, தண்ணீர் ஓடும் வழியும் மாறுகிறது. முன்பு வடிகாலுக்குப் போன தண்ணீர் இப்போது வீட்டுக்குப் போகிறது. பாதாளச் சாக்கடை மூடிகள் பள்ளமாகின்றன. பக்கத்துச் சின்னத் தெரு, பெரிய ரோட்டைவிடத் தாழ்ந்து குளமாகிறது.

யாருக்கு நஷ்டம்?

இதனால் நஷ்டப்படுகிறவர்கள் யார்?

சென்னையில் பல வீடுகளில் குடிதண்ணீர்த் தொட்டி வாசல் பக்கம் தரைக்குக் கீழே இருக்கிறது. தெருத் தண்ணீர் வீட்டு வாசலுக்குள் வந்தால், முதலில் அந்தத் தொட்டிக்குள்தான் இறங்கும். சாக்கடை கலந்த தண்ணீர். அதைத் தெரியாமல் குடித்தால் பிள்ளைகளுக்கு வாந்தி, பேதி. தொட்டியை இறைத்து, கழுவி, மருந்து போட்டுச் சுத்தம் செய்ய ஒரு நாள் கூலி போகிறது. சுவரில் ஈரம் ஏறுகிறது. கதவின் அடிப்பக்கம் உளுத்துப்போகிறது.

பணம் உள்ளவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? வீட்டையே தூக்குகிறார்கள்! அஸ்திவாரத்தை அறுத்து, வரிசையாக ஜாக்கி வைத்து, முழு வீட்டையும் சில அடி உயர்த்தி, அடியில் புதிதாகச் சுவர் கட்டுகிறார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடுகிறது. கெட்டிக்கார வேலைதான். ஆனால் அதற்கு லட்சக்கணக்கில் செலவு ஆகிறது.

பணம் இல்லாதவர்கள்? வாசற்படியில் ஒரு முழச் சுவர் எழுப்புகிறார்கள். அதைத் தாண்டித் தாண்டித்தான் உள்ளே போகிறார்கள். வயதானவர்கள் தடுக்கி விழுகிறார்கள்.

ரோட்டுக்கு ஆன செலவு என்று கணக்குப் புத்தகத்தில் ஒரு தொகை இருக்கும். தொட்டி கழுவிய கூலி, வைத்தியச் செலவு, ஜாக்கி வைத்த செலவு இவை எல்லாம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அவற்றையும் சேர்த்துக் கூட்டினால், மேலே மேலே போடும் ரோடு மலிவான ரோடு அல்ல. மிகவும் விலை உயர்ந்த ரோடு!

சுரண்டிப் போடுங்கள்!

இதற்கு வழி இல்லையா? இருக்கிறது. அரசாங்கமே அதைச் சொல்லியும் இருக்கிறது.

2021 மே மாதத்தில், அப்போது தமிழக அரசின் தலைமைச் செயலாளராக இருந்த வெ.இறையன்பு ஓர் உத்தரவு பிறப்பித்தார். ரோட்டைப் புதுப்பிக்கும்போது பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே அளவுக்குத்தான் புதிய தார் போடவேண்டும். ரோட்டின் மட்டம் உயரக்கூடாது. வீடுகளுக்குள் தண்ணீர் புகக்கூடாது என்பது அதன் கருத்து.

சுரண்டுவதற்கு இயந்திரம் இருக்கிறது. அந்த வேலைக்கு மில்லிங் என்று பெயர். இயந்திரத்தின் அடியில் ஓர் உருளை. உருளை முழுவதும் இரும்புப் பற்கள். அது சுழன்றுகொண்டே போகும்போது, வேண்டிய ஆழத்துக்குப் பழைய தாரைச் சீவி எடுக்கும். 2 அங்குலம் சீவி, 2 அங்குலம் போட்டால், ரோடு எத்தனை தடவை புதுப்பித்தாலும் அதே மட்டத்தில் இருக்கும். வெடித்த பகுதியும் போய்விடும்.

சீவி எடுத்ததைக் குப்பை என்று நினைக்கக்கூடாது. அது புதையல்!

12 அடி அகலத்துக்கு ஒரு கிலோ மீட்டர் நீள ரோட்டில் 2 அங்குலம் சீவினால், சுமார் 450 டன் கிடைக்கும். 10 டன் லாரியில் ஏற்றினால் 45 லாரி. அதில் 20 டன்னுக்கு மேல் தார் இருக்கிறது. மீதி எல்லாம் மலையை உடைத்து எடுத்த ஜல்லி. அதைச் சூடாக்கி, கொஞ்சம் புதிய தாரும் புதிய ஜல்லியும் சேர்த்தால், மறுபடியும் ரோடு போடலாம். அமெரிக்காவில் பெயர்த்து எடுக்கும் பழைய தார்க் கலவையில் பெரும்பகுதி மீண்டும் ரோட்டுக்கே போகிறது. நம் நாட்டிலும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2015-ல் இதற்கு முறை வகுத்துக் கொடுத்திருக்கிறது. (இது அரசியல் கட்சி அல்ல. 1934-ல் ஏற்பட்ட ரோடு எஞ்சினீயர்கள் சபை.)

மலைகள் வளர்வதில்லை. ஒருமுறை உடைத்தால் போனதுதான். பழைய ரோட்டில் இருந்து ஜல்லி எடுத்தால், அத்தனை மலை மிஞ்சும். அத்தனை தார் மிஞ்சும். அந்நியச் செலாவணியும் மிஞ்சும்.

பிளாஸ்டிக் ரோடு

தமிழ்நாடு உலகத்துக்குக் காட்டிய இன்னொரு வழியும் உண்டு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஆர்.வாசுதேவன், தெருவில் எறியும் பிளாஸ்டிக் பைகளை ரோட்டில் சேர்க்கலாம் என்று கண்டுபிடித்தார். இந்த வேலைக்காக 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது.

முறை எளிது. பிளாஸ்டிக்கைச் சிறு துண்டாக நறுக்கி, சூடான ஜல்லிமேல் தூவவேண்டும். அது உருகி, ஜல்லிமேல் மெல்லிய தோலாகப் படியும். பிறகு தாரை ஊற்றிக் கலக்கவேண்டும். அந்தத் தோல் தண்ணீரை உள்ளே விடாது. தாரும் நன்றாக ஒட்டும். சென்னை நுங்கம்பாக்கம் ஜம்புலிங்கம் தெருவில் 2002-லேயே இப்படி ரோடு போட்டார்கள். 2015-ம் ஆண்டுப் பெருமழையையும் அது தாங்கி நின்றது.

ஆனால் இதிலும் எச்சரிக்கை வேண்டும். எல்லாப் பிளாஸ்டிக்கும் ஆகாது. தண்ணீர்க் குழாய் செய்கிற பி.வி.சி. சேர்த்தால் நச்சுப்புகை வரும். அளவுக்கு மேல் சூடாக்கினாலும் கெடுதல்.

பிளாஸ்டிக் கலந்துவிட்டோம் என்பதற்காக மேலே மேலே போடலாம் என்று அர்த்தம் அல்ல. 2 அங்குலம் பிளாஸ்டிக் ரோடு போட்டாலும் வீடு 2 அங்குலம் தாழத்தான் செய்யும்!

சாக்குப்போக்குகள்

சுரண்டிப் போடுவதற்கு ஆட்சேபணை சொல்கிறவர்கள் உண்டு.

"செலவு கூடும்" என்பார்கள். கூடும்தான். ஆனால் சீவி எடுத்த சரக்கை மறுபடியும் பயன்படுத்தினால் அந்தச் செலவில் ஒரு பகுதி திரும்பி வரும்.

"சின்னச் சந்துக்குள் பெரிய இயந்திரம் நுழையாது" என்பார்கள். சின்ன இயந்திரங்களும் இருக்கின்றன.

"சுரண்டிப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகிறார்கள், ஸ்கூட்டர் வழுக்குகிறது, தூசி பறக்கிறது" என்று பொதுமக்கள் சொல்கிறார்கள். இந்தப் புகார் நியாயமானது. கோடு கோடாகச் சீவிய ரோட்டில் இரண்டு சக்கர வண்டி ஓட்டுவது ஆபத்து. சீவிய சில நாட்களுக்குள் தார் போட்டே தீரவேண்டும். அதுவரை எச்சரிக்கைப் பலகையும் இரவில் விளக்கும் வைக்கவேண்டும். வேலையைச் சரியாகச் செய்யாததற்கு, வேலையே வேண்டாம் என்று சொல்லக்கூடாது.

"தாரே வேண்டாம், சிமெண்டு ரோடு போடுங்கள்" என்று சிலர் கேட்கிறார்கள். சிமெண்டு ரோடு நீண்டகாலம் உழைக்கும். தண்ணீரால் கெடாது. அகலமான பெரிய ரோட்டுக்கு அது ஏற்றது. ஆனால் போடும்போது செலவு அதிகம். குடிதண்ணீர்க் குழாய், சாக்கடைக் குழாய், மின்சாரக் கம்பி என்று அடிக்கடி தோண்டுகிற தெருவில் அதை உடைப்பதும் ஒட்டுப்போடுவதும் கஷ்டம். சிமெண்டையும் பழைய ரோட்டின் மேலேயே கொட்டினால், அங்கும் வீடு தாழத்தான் போகிறது. குற்றம் தாரில் இல்லை. போடும் முறையில் இருக்கிறது.

தெரு முனையில் ஒரு கல்

உத்தரவு போட்டால் மட்டும் போதாது. அது நடக்கிறதா என்று பார்க்கவேண்டும். யார் பார்ப்பது? எஞ்சினீயர் பார்க்கவேண்டும். பொதுமக்களும் பார்க்கவேண்டும். பொதுமக்கள் பார்ப்பதற்கு ஓர் அடையாளம் வேண்டும்.

ஒவ்வொரு தெரு முனையிலும் ஒரு கல் நடவேண்டும். அந்தக் கல்லில் ஒரு கோடு போடவேண்டும். "ரோட்டின் மட்டம் இதுதான்" என்று கோட்டுக்குப் பக்கத்தில் எழுதவேண்டும். புதிய ரோடு அந்தக் கோட்டைத் தாண்டினால் காண்டிராக்டருக்குப் பில் பாஸ் ஆகக்கூடாது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற சிறுவன்கூட அந்தக் கோட்டைப் பார்த்து, "ரோடு ஏறிவிட்டது" என்று சொல்லமுடியும். லட்ச ரூபாய் இயந்திரம் தேவை இல்லை. ஒரு கல் போதும்!

கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பலகையும் வேண்டும். ரோடு போட்ட தேதி, கனம், காண்டிராக்டர் பெயர், எத்தனை ஆண்டுக்கு அவர் பொறுப்பு என்பதை அதில் எழுதவேண்டும். 2000-ம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில், ரோடு போட்டவரே 5 ஆண்டு பராமரிக்கவேண்டும் என்று ஒப்பந்தம் போடுகிறார்கள். கிராமத்து ரோட்டுக்கு உள்ள அந்தப் பாதுகாப்பு பட்டணத்துச் சந்துக்கும் இருக்கட்டுமே!

நாமும் கொஞ்சம் திருந்தவேண்டும்

எல்லாக் குற்றத்தையும் அரசாங்கத்தின்மேல் போட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளமுடியாது.

கார் ஏறுவதற்காக வாசலில் சாய்வுமேடை கட்டி, அதை ரோடு வரைக்கும் நீட்டுகிறோம். ஓரத்தில் ஓடவேண்டிய தண்ணீர் அங்கே தடுக்கி நிற்கிறது. குளித்த தண்ணீரையும் துணி துவைத்த தண்ணீரையும் தெருவில் விடுகிறோம். மழை இல்லாத நாளிலும் ரோடு நனைகிறது. வடிகால் வாயில் குப்பை கொட்டுகிறோம். குழாய் இணைப்புக்காக ரோட்டை வெட்டிவிட்டு, மண்ணைத் தள்ளி மூடிவிடுகிறோம். அந்த வெட்டுதான் அடுத்த மழையில் பள்ளம்.

மழை நின்று ஒரு மணி நேரம் கழித்து வாசலுக்கு வந்து பாருங்கள். ரோட்டில் எங்கே தண்ணீர் நிற்கிறதோ, அங்கேதான் அடுத்த பள்ளம் விழப்போகிறது. அதைக் குறித்துக்கொண்டு, நாலு பேர் கையெழுத்துப் போட்டு மாநகராட்சிக்கு எழுதுங்கள். புதிய ரோடு போட வரும்போது, "சுரண்டினீர்களா?" என்று கேளுங்கள். சண்டை வேண்டாம். ஓர் அளவுகோலை எடுத்துக்கொண்டு வாசலில் நில்லுங்கள். அது போதும்.

வீடு கட்டுவது ஒரு குடும்பத்தின் ஆயுள் சம்பாத்தியம். வட்டிக்குக் கடன் வாங்கி, நகையை விற்று, தண்ணீர் வராத உயரத்தில் படி வைத்துக் கட்டுகிறார்கள். அந்த உயரத்தை எடுத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை. ஒரே நாளில் எடுத்தால் கொள்ளை என்கிறோம். ஐந்து ஆண்டுக்கு 2 அங்குலமாக எடுத்தால் அதற்குப் பெயர் மராமத்தா?

ரோடு வேண்டும். நல்ல ரோடு வேண்டும். ஆனால் பாட்டி உட்காரும் படியும் வேண்டும்!